எண் பதினேழு

கல்குவாரியில் வேலைக்குச் சேர்ந்த மருமகனுக்கு ராணுவப் பாணிப் பாலைவன பூட்ஸ் வாங்க மாமனாரே கடைக்கு வந்தார். பூட்ஸ் கம்பெனியில் இருபது வருஷமாகத் தரம் பார்ப்பவர். அவரிடம் யார் பருப்பும் வேகாது. ஒரு பூட்ஸை எடுத்து வளைத்தார். அடிப்பாகம் வாயைப் பிளந்தது. தையலே இல்லை, வெறும் பசை.

“இதையா அசல்னு விக்கிறீங்க? எந்தத் தூங்குமூஞ்சிய்யா இதுக்கு முத்திரை குத்தினான்?”

கடைக்காரர் கயிற்றை விலக்கி, உள்ளே இருந்த தோல் நாக்கை இழுத்துக் காட்டினார். ‘தரம் சரி, எண் பதினேழு.’ மாமனாரின் எண்.

கம்பெனியில், பூட்ஸ் உருவாகும் முன்பே, வெட்டிய நாக்குகளைக் கூடையில் கொண்டுவந்து வைப்பார்கள். டீ ஆறுவதற்குள் அத்தனையிலும் குத்திவிடுவார். முழு பூட்ஸை அங்கே அவர் கையில் எடுத்துப் பார்த்ததே இல்லை.

முகம் சிவந்தது. குரல் இன்னும் ஏறியது.

“முத்திரையை நம்பி எவன்யா பூட்ஸ் வாங்குவான்?”