எல்லோரும் மேற்கோள் காட்டிய வசனம்

2009 இல் சுவிஸில் பள்ளிவாசல்களுக்கு மினாரட் என்ற கோபுரம் கட்டுவதைத் தடைசெய்ய வாக்கெடுப்பு வந்தபோது, ஆராவ் நகரில் எங்கள் வீட்டுத் தபால்பெட்டிக்குள்ளும் துண்டுப்பிரசுரங்கள் விழுந்தன. நான் அப்போது சூரிச்சில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடிய நேரம். தடை வென்ற மறுநாள், உணவகச் சமையலறை வேலை முடித்து வந்த அப்பா சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"பிள்ளை, நாளைக்கு எங்கட கோயில் கோபுரத்துக்கும் இப்பிடி வாக்குப் போடுவினமோ?"

எங்கள் கோயிலுக்குக் கோபுரமே இல்லை. அது பக்கத்து ஊரில், பழைய தொழிற்சாலைக் கூடமொன்றில் இருந்தது. கட்டவேண்டும் என்று நிர்வாகத்தில் இருந்தவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அவர்களில் ஒருவர். அவருடைய கேள்வியிலிருந்துதான், சமய உரிமைக்குப் பேர்போன அமெரிக்காவை வைத்து, தலைப்புக் கிடைத்தது: ஊரின் பெரும்பான்மைச் சமயத்தைச் சேராதவர்களை அமெரிக்க நீதிமன்றங்கள் ஆரம்ப காலத்தில் எப்படி நடத்தின?

வாசிக்கத் தொடங்கியதும் ஒரு வழக்கு என்னைப் பிடித்துக்கொண்டது. நியூ இங்கிலாந்துக் கிராமமொன்றில், ஊர்த் தேவாலயத்துக்கு வரி கட்ட மறுத்த பப்டிஸ்ட் என்ற வேறு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு விதவை. வரிக்குப் பதிலாக அவளுடைய பசுவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவள் வழக்குப் போட்டாள். மனச்சாட்சிக்கு வரி விதிக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை என்று நீதவான் தீர்ப்பில் சொன்னாராம். அந்த வசனம் புத்தகங்களில் இருந்தது, இணையத்தில் எங்கும் இருந்தது. அதை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். சந்தோசத்தில் அப்பாவிடமும் சொன்னேன்.

ஆய்வை வழிநடத்திய பேராசிரியர் அத்தியாயத்தை வாசித்துவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார். "இந்தத் தீர்ப்பை யார் கண்ணால் பார்த்தது?"

நான் அடிக்குறிப்பைக் காட்டினேன். "அது இன்னொரு புத்தகம்," என்றார். "மூல ஆவணம் வேண்டும். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்."

ஆவணங்கள் எல்லாம் இணையத்தில் ஏறிவிட்ட காலம், ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். முதல் புத்தகம் இரண்டாவதைக் காட்டியது, இரண்டாவது மூன்றாவதைக் காட்டியது, மூன்றாவது ஒரு இணையத்தளத்தைக் காட்டியது. அந்தத் தளத்தைத் திறந்தால் பக்கம் இல்லை என்று வந்தது. இன்னொரு ஆவணத் தளம் அமெரிக்க நூலக அட்டையின் இலக்கம் கேட்டது. வேறொன்றில் அந்த மாவட்ட நீதிமன்றத்தின் ஏடுகள் இருந்தன. எனக்கு வேண்டிய காலத்து ஏடு மட்டும் இல்லை. கடைசியில் அகப்பட்ட ஒரு பிரதியில், ஸ்கேன் செய்தவரின் பெருவிரல் பாதிப் பக்கத்தை மூடியிருந்தது. மீதிப் பாதியில், அந்தக் காலத்து எழுத்துமுறைப்படி, எஸ் எழுத்தெல்லாம் எஃப் போலத் தெரிந்தது. வாசித்து முடித்தபிறகுதான் அது வேறு வழக்கு, காணாமல்போன பன்றி பற்றியது என்று விளங்கியது. மடிக்கணினியை மூடிவிட்டு, சூரிச்சிலிருந்து வீடு திரும்பும் ரயிலின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். யாராவது வாய் திறந்திருந்தால் பாய்ந்திருப்பேன்.

அந்த மாவட்டத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினேன். அங்கே வேலைசெய்த பெண்மணி நெடுநாள் கழித்து மிகவும் அன்பாகப் பதில் போட்டார். அந்த ஏடு ஸ்கேன் செய்யப்பட்டதாம். எந்தப் பெயரில் ஏற்றப்பட்டது என்று அவர்களுக்கே தெரியாதாம். தேவாலயத்துக் கடதாசிகளோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்ததாக ஒரு ஞாபகம், நான் கண்டுபிடித்தால் தயவுசெய்து தங்களுக்கும் அறிவிக்கவேண்டுமாம்.

அந்த ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டு, 'பிரசங்கங்கள்' என்று தலைப்பிட்டிருந்த கோப்புகளைத் திறக்கத் தொடங்கினேன். தேடுபெட்டி கையெழுத்தை வாசிக்காது, ஒவ்வொரு பக்கமாகத்தான் புரட்டவேண்டும். நரகத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் வாசித்தேன். அவற்றுக்கு நடுவே, தலைகீழாக ஸ்கேன் செய்யப்பட்டு, நீதிமன்ற ஏடு இருந்தது. திரையைத் திருப்பத் தெரியாமல் மடிக்கணினியையே கவிழ்த்துப் பிடித்து வாசித்தேன்.

விதவை இருந்தாள். பசுவும் இருந்தது. தீர்ப்பு நாலு வரி. பசுவைப் பிடிக்க அதிகாரி கொண்டுபோன கட்டளையில் ஊரின் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்ததால் அது செல்லாது, பசுவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். மனச்சாட்சி என்ற சொல்லே இல்லை. முன்னும் பின்னும் தேடினேன், இல்லை. பின்னால் வந்த யாரோ ஒருவர் நீதவானுக்காக எழுதிக்கொடுத்த வசனம் அது.

பேராசிரியர் ஆவணத்தைப் பார்த்து உண்மையாகவே மகிழ்ந்தார். "அருமை! ஒரு கட்டுக்கதையை உடைத்திருக்கிறீர்கள்." எனக்கு அழுகை வந்தது. ஒப்படைக்கும் நாள் கிட்டியிருந்தது. அத்தியாயம் முழுவதையும் வெட்டவேண்டியிருந்தது. உடைத்த கட்டுக்கதை ஆய்வில் ஒரு அடிக்குறிப்பாக மிஞ்சியது.

அப்பாவிடம் சொல்வது அதைவிடச் சிரமமாக இருந்தது. அவர் அந்த வசனத்தைக் கோயில் பொதுக்கூட்டத்தில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருந்தார்.

"அப்ப நீதவான் அப்பிடிச் சொல்லேல்லையோ?"

"இல்லையப்பா. கடதாசியில ஊரின்ர பேர் பிழை. அதாலதான் மாட்டைக் குடுத்தவை."

"நல்ல வசனமெல்லோ," என்றார் கவலையோடு. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆரோ ஒராள் சொன்னதுதானே? நான் நீதவான் எண்டதை விட்டிட்டு ஒரு அறிஞர் எண்டு சொல்லுறன்."

"அப்பா, எல்லாரும் அப்பிடிச் சொல்லிச் சொல்லித்தான் நான் இவ்வளவு நாளும் சீரழிஞ்சனான்!"

"ஏன் கத்துறாய்? தேத்தண்ணியைக் குடி."

அந்த வசனத்தைப் போட்டிருந்த தளங்களுக்கெல்லாம் ஏட்டின் படத்தோடு எழுதினேன். ஒருவர் மட்டும் நன்றி சொன்னார், பக்கத்தை மாற்றவில்லை. காப்பகத்துப் பெண்மணிக்கும் கோப்பின் முகவரியை அனுப்பினேன். தலைப்பைத் திருத்துவதாகப் பதில் வந்தது. பல வருடம் கழித்துப் பார்த்தபோதும் அது பிரசங்கமாகவே இருந்தது.

கோபுரத்துக்கு நிர்வாகம் விண்ணப்பித்தபோது நான் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். சமய உரிமை பற்றிப் பேச அப்பா நல்ல சட்டை போட்டுக்கொண்டு கெமைண்டே என்கிற உள்ளூராட்சி அலுவலகத்துக்குப் போனார். துணைக்கு நானும் போனேன். அங்கிருந்த அதிகாரி எங்களை மரியாதையாக இருத்தி, கோபுரத்தில் தங்களுக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை என்றார். திருவிழா நாட்களுக்கு வாகனத் தரிப்பிடம் போதாதாம். அதைக் காட்டும்வரை கோப்பு நகராதாம்.

திரும்பி வரும் ரயிலில் அப்பா ஒவ்வொரு நிலையத்திலும் நின்ற கார்களை எண்ணிக்கொண்டு வந்தார். ஆராவில் இறங்கும்போதுதான், "அந்த விதவைக்கு ஊரின்ர பேர். எங்களுக்குக் கார் விடுற இடமோ?" என்றார்.