செல்லையா அண்ணாச்சியின் பத்தியம்

வெள்ளிக்கிழமை காலை எண்ணெய் காய்ச்சிக்கொண்டிருந்தேன். செல்லையா அண்ணாச்சியின் மூத்த மகன் வாசலில் வந்து நின்றார். “அப்பா போயிட்டாவ வைத்தியரே. எண்பத்திரெண்டு வயசு. கல்யாணச் சாவுதான்” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என்ன கல்யாணம்? பூதப்பாண்டியில் அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் அதையேதான் சொல்கிறீர்கள். எனக்கோ ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நாகர்கோவிலில் கூட்டம் நடந்தபோது நாமெல்லாம் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே போனார். நாம் போய்ச் சேர்ந்தபோது முன்வரிசையில் இருந்தார். “என்னவே, பஸ்ஸுக்கும் வயசாயிட்டோ?” என்று சிரித்தார்.

என் மகள் கல்யாணப் பந்தியில் இரண்டாம் பாயசம் வரும்போதே இலையை மடக்கிவிட்டார். “வயித்துல கொஞ்சம் இடம் கிடக்கட்டும் வே, மூச்சு விடண்டாமா?” என்றார். எண்பது தாண்டியும் விடிந்தால் பழையாற்றில் குளியல், அப்படியே வயல்.

அந்த ஆற்றுப் படியில்தான் வழுக்கி விழுந்து முழங்கால் வீங்கியது. பதினாலு நாள் எண்ணெய் தேய்த்தேன். பிறகு பதினாலு நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று பத்தியம் வைத்தேன். பத்தியம் வைத்த வைத்தியனே வந்து அதை விடுவிக்க வேண்டும் என்பது நம் பக்கத்து முறை. இடையில் குலசேகரத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கப் போனேன். அங்கே ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்தார்கள். அண்ணாச்சியை மறந்தேன். பாவி, மறந்தே போனேன்.

மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தால் மனிதர் கட்டிலிலேயே கிடக்கிறார். தொடைச் சதை வற்றிவிட்டது. மகனிடம் கத்தினேன். “நீங்க வந்து சொல்லல்லியே” என்றார் அவர். ஊரெல்லாம் நடந்த மனிதர் என் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டுக் கிடந்திருக்கிறார். என்னைக் கண்டதும், “வைத்தியரே, இனி நடக்கட்டா?” என்று கேட்டார்.

“நடங்க அண்ணாச்சி, நடங்க” என்றேன். இரண்டு பேர் தாங்கியும் கால் ஊன்ற முடியவில்லை. அப்புறம் சளி கட்டியது. கிடந்த கிடையிலேயே போய்விட்டார்.

இரண்டு நாளாக வீடு வீடாகப் போகிறேன். நான் படுக்க வைத்த கிழவர்களையெல்லாம் எழுப்பி நடக்கவிடுகிறேன். அண்ணாச்சியிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் கேட்ட அந்தக் கேள்வி மட்டும்தான். பதில் சொல்ல வேண்டிய நாளில் நான் அங்கே இல்லை.