இருதயசெல்வி போட்ட பெருக்கல் குறி

திண்டிவனத்தில் மயிலம் ரோட்டு மர மில்லில், அறுக்கும் முன் மரத்தில் ஆணி பார்ப்பது இருதயசெல்வியின் வேலை. மரத்தூள் அள்ளச் சேர்ந்தவள், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தம், ஓர் உளி, சிவப்பு சாக்பீஸ். அவளிடம் இருந்தது அவ்வளவுதான்.

சென்னை ரோட்டை அகலப்படுத்தியபோது வெட்டிய புளிய மரங்கள் லாரி லாரியாக வந்தன. டியூஷன் சென்டர் போர்டு, மூல வைத்தியர் தகரம், கட்சித் தட்டி என்று நாற்பது வருஷமாக ஆளாளுக்கு ஆணி அடித்த மரங்கள். மரம் வளர வளர ஆணியை விழுங்கிவிடும். ஆழத்தில் இருந்தால் காந்தமும் பிடிக்காது. பட்டையைச் செதுக்கினால், ஆணி துருப்பிடித்த இடத்தில் மை கொட்டியதுபோல் கறை தெரியும். அங்கே அவள் பெருக்கல் குறி போடுவாள். ஆணியை எடுக்கும்வரை அந்த மரம் ரம்பத்துக்குப் போகாது.

2005இல் ஒரு நாள், பெரிய அடிமரம் ஒன்றில் குறி போட்டாள். முதலாளி சீனுவாசன் வந்தார்.

“காந்தம் புடிச்சுதா?”

“இல்லைங்க. ஆனா கறை உள்ள ஓடுது. அரை நாள் குடுங்க, தோண்டிடறேன்.”

“பேஜாரு பண்ணாத. லாரி நின்னுக்கினு இருக்குது. சரி, போய் சாப்ட்டுட்டு ஜல்தியா வா.”

பாதிச் சாப்பாட்டில் ரம்பச் சத்தம் கேட்டது. கையைக்கூடக் கழுவாமல் ஓடினாள். மேடையில் அதே மரம். குறி இருந்த இடத்தில் ஈரம், சிவப்பாக ஒரு தீற்றல். “அண்ணே, நிறுத்துங்க!” என்று கத்தினாள். ரம்பம் ஓட்டிய அப்பாதுரைக்குக் கேட்கவில்லை. அடுத்த நொடி ரம்பம் ஆணியில் பட்டு அறுந்தது. ஒரு துண்டு அவர் வலது கண்ணில் பாய்ந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி வரை அவர் தலையை மடியில் தாங்கிப் போனவள் அவள்தான்.

விசாரணைக்கு வந்த அதிகாரியிடம், அவள் குறியே போடவில்லை என்றார் சீனுவாசன். அப்பாதுரையும், “நான் ஒண்ணும் பாக்கலைங்க” என்றார். அவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. குறியை யாரோ துடைத்த பிறகுதானே மரம் அவரிடம் போயிருக்கும்?

வேலை போனது. அவள் பார்த்த மரத்தால்தான் ஒருவருக்குக் கண் போனது என்ற பேச்சு ஊர் முழுக்கப் பரவியது. வேறு எந்த மில்லிலும் சேர்க்கவில்லை. கடைசியில் பாண்டிச்சேரிப் பக்கம் குயிலாப்பாளையத்தில், பழைய கதவுகளை அறுத்து மேசை செய்யும் பட்டறை ஒன்று அவளை எடுத்துக்கொண்டது. அங்கே இரும்பைக் காட்ட மிஷின் இருந்தது. மிஷின் பார்த்த பலகையை அவள் மறுபடி தடவிப் பார்ப்பாள். ரம்பம் ஓடத் தொடங்கினால் கைவேலையைப் போட்டுவிட்டு வெளியே போய் நிற்பாள்.

ஏழு வருஷம் கழித்து, கூட்டேரிப்பட்டு பஸ் ஸ்டாப்பில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பாதுரை எதிரே வந்தார்.

“செல்வி, மனசுல வெச்சுக்காதம்மா. பையனுக்கு மில்லுல வேலை தரேன்னாரு. அதான் அப்பிடி சொல்லிட்டேன்.”

“அப்போ... குறிய பாத்தீங்களாண்ணே?”

“அவரு சொல்லித்தான் தொடச்சேன்.”

“நீங்களா?”

“ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்.”

“இதை இப்ப வந்து நாலு பேர் முன்னாடி சொல்லுவீங்களா?”

அவர் தரையைப் பார்த்தார். “பையன் இன்னும் அங்கதான் வேலை செஞ்சிக்கினு இருக்கான்.”

பாண்டிச்சேரி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தாள். அவர் ஜன்னலோரம் வந்து ஏதோ சொன்னார். அவள் கண்டக்டரைப் பார்த்து, “குயிலாப்பாளையம் ஒண்ணு” என்றாள்.