கட்டிலுக்கு மேலே இருந்த வெள்ளைப் பஞ்சு

காலடிப்பேட்டையில் எங்கள் வீடு என்பது மொட்டை மாடியில் பாதியை மறித்து, சிமெண்ட் ஷீட் போட்டுக் கட்டிய ஒற்றை அறை. மத்தியானம் மூன்று மணிக்குக் குடத்துத் தண்ணீரில் கை வைக்க முடியாது. மகளுக்கு அப்போது மூன்று வயது. முதுகெல்லாம் வேர்க்குரு, அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருக்கும். அந்த எரிச்சலில்தான் என் வீட்டுக்காரரிடம் அதைக் கேட்டேன். அவராகக் கொண்டுவரவில்லை, நான்தான் கேட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவருக்கு உலை வேலை. மணலிப் பக்கம், எண்ணூர்ப் பக்கம் கம்பெனிகளில் காண்டிராக்டரோடு போய் உலைகளுக்கு உள்பக்கச் சுவரை மாற்றிக் கட்டுவார். அந்தச் சுவரில் கம்பளி மாதிரி வெள்ளையாக ஒன்றை வைத்து அடைத்திருப்பார்கள். செராமிக் பஞ்சு என்பார்கள். உள்ளே எவ்வளவு எரிந்தாலும் சூட்டை வெளியே விடாது. சில வருஷம் வெந்தபிறகு பழசைப் பிய்த்தெறிந்துவிட்டுப் புதுசு வைக்க வேண்டும். புதுசில் ஒரு சாண் கொண்டுவந்தாலும் கேட்டில் பிடித்துக்கொள்வார்கள். பிய்த்த பழசை யாரும் சீண்டமாட்டார்கள். அதனால் அவரோடு வேலை செய்த அத்தனை பேர் வீட்டுக் கூரையிலும் அந்தப் பழசுதான் இருந்தது.

"எல்லார் வூட்லயும் கீது. என் புள்ள மட்டும் வெந்து சாவணுமா? நீயும் எடுத்துகினு வாய்யா" என்றேன்.

மூட்டை மூட்டையாக வந்தது. என் பழைய நைலக்ஸ் புடவைகளை ஷீட்டுக்குக் கீழே கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டி, அதன்மேல் பஞ்சைப் பரப்பினோம். மகளின் கட்டிலுக்கு மேலே மட்டும் இரண்டு அடுக்கு. அது என் ஏற்பாடு. மறுநாள் மத்தியானம் அவள் அசந்து தூங்கினாள். நான் கீழ் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வந்து, ஏதோ ஏ.சி. மாட்டியவள் மாதிரி காட்டினேன்.

அரிக்கவில்லையா என்றால், அரித்தது. அதற்காகத்தான் வேலைக்கு இறங்குமுன் உலைக்காரர்கள் உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிடுவார்கள், நெஞ்சுக்குப் போன தூசி வயிற்றோடு இறங்கிவிடுமாம். இது நெஞ்சைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் இல்லை, செராமிக், நீ டீ குடிக்கிற கப்பும் டாக்டர் கட்டிவிடுகிற பல்லும் இதுதான் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம். வாய்க்குள் வைக்கிற சாமானைக் கூரையில் வைத்தால் என்ன வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் சட்டையையும் மகளின் யூனிஃபார்மையும் ஒரே பக்கெட்டில் ஊறவைத்தேன்.

தூசி எங்களுக்குப் புதிதில்லை. அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துச் சாம்பல், ஹார்பர் நிலக்கரி, லாரி கிளப்பிவிடும் மண் என்று எல்லாம் வீட்டுக்குள் வந்து போகும். அவையெல்லாம் கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். மகளின் கட்டிலில் காலையில் விழுந்து கிடப்பது மட்டும் வெள்ளை. இதாவது சுத்தமான தூசி என்று சொல்லிக்கொண்டு தலையணையை ஓங்கித் தட்டி உதறுவேன். ஏழு வருஷம் அப்படி உதறியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இருமாத ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அதனால் அவர் இரும ஆரம்பித்தபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பீடியை விடு என்று திட்டினேன். இளைத்துப்போனபிறகு டாக்டரிடம் போனோம். சளியில் கிருமி தெரியவில்லை, ஆனாலும் எக்ஸ்ரேயைப் பார்த்து டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாசம் ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். கடைசியில் மாடி ஏறவே நாலு படிக்கு ஒருதரம் உட்காரும்படி ஆயிற்று.

வேறொரு ஆஸ்பத்திரியில், என்னைவிட வயதில் சின்ன டாக்டரம்மா ஒருவர்தான் முதன்முதலாக என்ன வேலை, என்ன தூசி என்று நோண்டி நோண்டிக் கேட்டார். செராமிக் பஞ்சு என்றதும், எப்படி இருக்கும் என்றார். உதவியாக இருக்கட்டும் என்று அடுத்தமுறை போகும்போது, மகளின் கட்டிலுக்கு மேலிருந்து கையளவு பிய்த்து கேரி பேக்கில் எடுத்துப் போனேன். மேஜைமேல் அதைப் பிரித்ததும் அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முதலில் பையைக் கட்டச் சொன்னார்.

"இது புதுசா, இல்ல உலையிலேர்ந்து பிரிச்சதா?"

பழசுதான் என்றேன், பழசென்றால் கெடுதல் குறைவு என்பதுபோல. அவர் பொறுமையாகச் சொன்னார். புதுசே உடம்புக்கு ஆகாது. வருஷக்கணக்காக நெருப்பில் வெந்தபின் அதன் குணமே மாறி, கல் உடைக்கிறவர்களின் நெஞ்சுக்குள் போகிற மணல் தூள் மாதிரி ஆகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் தூளை நுரையீரலால் கரைக்கவும் முடியாது, வெளியே தள்ளவும் முடியாது. அதைச் சுற்றித் தழும்பு கட்டிக்கொண்டே போகும். தழும்புக்கு மருந்து கிடையாது. வெல்லமும் வாழைப்பழமும் வயிற்றுக்குத்தான் போகும், அங்கே போகாது.

பிறகு, இது எங்கே இருந்தது என்று கேட்டார். நான் கட்டிய பையை மறுபடி இறுக்கிக் கட்டினேன். என் வீட்டுக்காரர்தான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "புள்ள படுக்கிற கட்டிலுக்கு மேல."

மகளுக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்போது தெளிவாக இருக்கிறது என்றார் டாக்டரம்மா. இனிமேலும் வராது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா என்று அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அவர் கையை விலக்கிக்கொள்ளவில்லை, ஆனால் அந்த வார்த்தையையும் சொல்லவில்லை. இதெல்லாம் தெரிய வருஷக்கணக்காகும், தவறாமல் கூட்டிவந்து காட்டுங்கள் என்றார்.

மகளைத் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டாக்டரம்மா சொன்னபடி மாஸ்க் கட்டி, பஞ்சை நனைத்து நனைத்து நானே இறக்கினேன். கட்டிலுக்கு நேர்மேலே புடவை தொட்டிலாகத் தொங்கியது, உள்ளே மாவு மாதிரி பொடி. அதைப் பார்த்ததும் என் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. நாலு கறுப்பு மூட்டை சேர்ந்தது. குப்பை வண்டியில் போட்டால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டில் யாரோ ஒருத்தி வெறுங்கையால் அதைக் கிழிப்பாள். காண்டிராக்டரோ, நான் எதுவும் கொடுக்கவில்லை என்று போனை வைத்துவிட்டார். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வெளியே, தண்ணீர் டேங்க் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன்.

மகள் திரும்பி வந்து கேட்டபோது, கூரை ஒழுகுது, அதான் எடுத்துட்டேன் என்றேன். கண்ணெதிரே அப்பா மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறார். அதே சாமான் உன் நெஞ்சிலும் போயிருக்கலாம் என்று பத்து வயதுப் பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டேன்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஷீட் தகித்தது. அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வேர்வை வழிந்து கஞ்சிக் கிண்ணத்தில் சொட்டியது. வாசலில் நிழல் விழவும் திரும்பிப் பார்த்தேன். மகள் நின்றிருந்தாள். இரண்டு கைகொள்ளாமல், காய்ந்துபோன பஞ்சை மார்போடு அணைத்திருந்தாள். முடியெல்லாம் வெள்ளை, கண் இமையெல்லாம் வெள்ளை.

"நைனாவுக்கு ரொம்ப வேர்க்குதும்மா. மூட்டையிலேர்ந்து எடுத்தாந்தேன், மறுபடி கட்டலாம்" என்றாள்.

கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. "மூச்சு இழுக்காத" என்று கத்தினேன். "மூச்சு இழுக்காதடி, இழுக்காத."

நான் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. பயந்துபோய், வாயை அகலத் திறந்து, நன்றாக மூச்சை இழுத்து அழத் தொடங்கினாள்.