முருகலட்சுமி ஓட்டும் கரண்டு கார்

முருகலட்சுமியின் வீட்டுக்காரர் ஜெயபாண்டிக்குக் காது மந்தம். பிறவியில் வந்ததல்ல. மீசை முளைத்த வயதில், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் ஏறியவர். ஆந்திரா, கர்நாடகா, மராட்டியம் என்று ஊர் ஊராகப் போய்ப் பூமியைத் துளைத்தவர். கம்ப்ரசர் லாரிக்குப் பக்கத்தில் முப்பது வருசம் நின்றால் காது என்னத்துக்கு ஆகும்? எம்.ரெட்டியபட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சொந்த ஊருக்கு அடைமழைக் காலத்தில் மட்டும் வருவார். அவர் வந்துவிட்டால் வீட்டில் பேச்செல்லாம் கூப்பாடுதான். "சோறு போடவா?" என்று இவள் கத்தினால், நாலு வீடு தள்ளியிருந்து, "போடு தாயி, மனுசன் பசியோட இருப்பாரு" என்று பதில் வரும்.

மகன் மருதுபாண்டி ஓசூரிலிருந்து காது மிசின் ஒன்று வாங்கி வந்தான். இரண்டு நாள் மாட்டிப் பார்த்தார். "தலைக்குள்ள மறுபடி போர் போடுறாங்கடா" என்று கழற்றி அலமாரியில் வைத்தார். அதோடு முருகலட்சுமியும் சுருக்கிக்கொண்டாள். சாப்பாடு, மருந்து, ஆடு, கல்யாணக் காரியம் என்று தேவைக்கு மட்டும் கத்துவாள். மற்றதெல்லாம் மனசுக்குள்ளேயே கிடந்தது.

உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று ஜெயபாண்டி, பிற்பாடு சொந்தமாக வாங்கியிருந்த போர் வண்டியை விற்றுவிட்டு ஊரோடு வந்தபோது, அந்தக் காசில் ஒரு பழைய டீசல் ஜீப்பு வாங்குவதுதான் எண்ணம். மதுரையில் ஜீப்பைப் பார்க்கப் போனார்கள். வியாபாரி இன்னொரு வண்டியையும் காட்டினான். கரண்டில் ஓடும் கார். டாக்டர் ஒருவர் வாங்கி ஒரு வருசம்கூட ஓட்டவில்லை, வெளிநாடு போகிறாராம்.

"இதுல எஞ்சினு எங்கப்பா?" என்று ஜெயபாண்டி கேட்டார்.

"எஞ்சினே கிடையாதுண்ணே. முன்னால ஒரு மோட்டாரு, பின்னால ஒரு மோட்டாரு" என்று வியாபாரி அவர் காதோரம் கத்தினான்.

மோட்டார் என்றதும் அவர் முகம் மலர்ந்தது. அவருக்குத் தெரியாத மோட்டாரா? ஏறி உட்கார்ந்தார். முருகலட்சுமி பின்சீட்டில் ஏறினாள். ரிங்ரோட்டுக்கு வந்ததும் வியாபாரி, "இப்ப அமுத்துங்கண்ணே" என்று கத்தினான். அமுக்கினார். முருகலட்சுமியின் முதுகை யாரோ பிடித்துச் சீட்டோடு ஒட்டிவைத்த மாதிரி இருந்தது. கண் மூடித் திறப்பதற்குள் முன்னால் தூரத்தில் போன லாரி பின்னால் போயிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"ஆத்தாடி, மெதுவாப் போங்க" என்றாள். கத்தக்கூட இல்லை, வாய்க்குள் முனகியதுதான்.

ஜெயபாண்டி திரும்பினார். "மெதுவாவா? இதுக்கே பயந்துட்டியா?"

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேகத்தினால் அல்ல. எஞ்சின் இரைச்சல் இல்லாத மூடின வண்டிக்குள் முனகியதுகூட அவர் காதில் விழுந்திருக்கிறது!

ஜீப்பு வேண்டாம், இதையே வாங்கலாம் என்று அவள்தான் முதலில் சொன்னாள். ஏன் என்று சொல்லவில்லை. பெண்டாட்டிக்கும் மோட்டார் பிடித்துவிட்டது என்று ஜெயபாண்டி நினைத்துக்கொண்டார்.

ஊர் சிரித்தது. "ஆறு மணி நேரம் கரண்டு இல்லாட்டி என்னண்ணே செய்வீக?" என்று கேட்டார்கள். அதைவிடப் பெரிய தொல்லை வேறு. சார்ஜ் போட்டால் வீட்டு ஃபேன் சுற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும். பக்கத்து வீட்டு டிவியில் படம் சுருங்கும். இரண்டு முறை ஃபியூஸ் போனது. தோட்டத்தில் பம்புசெட்டுக்கு மூணு பேஸ் கரண்டு இருக்கிறதே, அங்கே கொண்டுபோய்ப் போடலாம் என்று ஜெயபாண்டி வயரைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். முருகலட்சுமி வாசலிலேயே மறித்தாள்.

"அது வெள்ளாமைக்குச் சும்மா குடுக்குற கரண்டு. அதத் திருடி காரு ஓட்டவா? மானம் போயிரும்."

தெருவுக்கே கேட்கும்படி சொன்னதால் அவரால் மறுபேச்சுப் பேச முடியவில்லை. லைன்மேன் பால்ச்சாமியைப் பிடித்து, எழுதிக்கொடுத்து, வீட்டுக்கே மூணு பேஸ் வாங்குவதற்குள் கோடையே முடிந்துவிட்டது. அதுவரை வெளியூர் போகும்போது மதுரையில் சார்ஜ் ஏற்றி வந்து, நகை மாதிரி பார்த்துப் பார்த்துச் செலவழித்தார்கள். ஏசி போடமாட்டார். கரிசல் காட்டு வெயிலில் கண்ணாடியை இறக்கினால் காற்றின் இரைச்சலில் அவருக்குக் காது கேட்காது. அதனால் ஏற்றிவிட்டுக்கொண்டு இருவரும் வேர்த்து ஒழுகினார்கள். ஆனால் பேசினார்கள்.

என்ன பேசினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. சித்தப்பா வீட்டு வழக்கு, எந்த ஆடு சினை, பாலவனத்தத்தில் கட்டிக்கொடுத்த நாத்தனார் தன்னை எப்படிப் பேசினாள், எப்போதோ கேட்டுச் சிரித்த ஒரு கதை. அவர் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டு வருவார். திடீரென்று, "நெசமாவா? இத ஏன் அப்பயே சொல்லல?" என்பார்.

"சொன்னேன். ஒங்களுக்குக் கேக்கல."

ஒருநாள் திருச்சுழிக் கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழி. குண்டாற்றில் மணலும் சீமைக்கருவேலமும்தான் கிடந்தன. ஜெயபாண்டி பாதையைப் பார்த்தபடியே கேட்டார்: "தங்கச்செல்வி கடைசியா என்ன கேட்டுச்சு?"

தங்கச்செல்வி அவர்களுடைய மூத்த பிள்ளை. மூணு வயதில் காய்ச்சலில் போய்விட்டது. அப்போது அவர் ராய்ச்சூர்ப் பக்கம் போர் போட்டுக்கொண்டிருந்தார். தகவல் கிடைத்து அவர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்று முருகலட்சுமிக்கு நெஞ்சில் ஒரு முள் இருந்தது. ஆனால் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாள்? பிள்ளை செத்த கதையைத் தெருவெல்லாம் கேட்கக் கத்திச் சொல்ல முடியுமா? அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"சேமியா ஐஸ் கேட்டா" என்றாள். "டாக்டரு குடுக்கக்கூடாதுன்னுட்டாரு. நா குடுக்கல. குடுத்துருக்கலாம்."

அவர் வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினார். பிறகு, "என்னயக் கேட்டாளா?" என்றார்.

"அப்பா வண்டி வருதா, அப்பா வண்டி வருதான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. எந்த லாரி போனாலும் காத நீட்டுவா."

ஜெயபாண்டி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். முருகலட்சுமி அவர் முதுகில் கை வைத்தாள். வெளியே பஸ்ஸு போனது, ஆட்டுக்கிடை போனது. யாரும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. அதன்பிறகு அவர்கள் அந்தப் பிள்ளையைப் பற்றி நிறையப் பேசினார்கள். சிரித்தும் பேசினார்கள். தங்கச்செல்வி பால்சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்ற கதையை அவர் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டார்.

இரண்டாம் வருசம் ஜெயபாண்டிக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கியது. மதுரையில் ஊசி போட்டு, லேசர் வைத்தார்கள். பார்வை தங்கியது, ஆனால் இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காரைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். அதற்குள் எலி குடித்தனம் வந்தது. வயரைக் கடித்ததில் டேஷ்போர்டு முழுக்க மஞ்சளும் சிவப்புமாக விளக்கு எரிந்தது. லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பி ரிப்பேர் பார்த்து வந்தார்கள். போர் வண்டிக்காரர்கள் செய்வதுபோல் பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு ஒன்றை ஜெயபாண்டி சொருகி வைத்தார். எலி போய்விட்டது. ஆனால் ஓட்ட ஆளில்லாமல் வண்டி நகரவில்லை.

மருதுபாண்டி போனில், "வித்துருங்க. வெயில்ல சும்மா நின்னா பேட்டரி வீணாப் போகும்" என்றான்.

வீட்டில் மறுபடியும் கூப்பாடு தொடங்கியது. சோறு, மருந்து, ஆடு. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள் முருகலட்சுமி. பிறகு ஒரு காலையில் டிவிஎஸ் எக்ஸெல்லை எடுத்துக்கொண்டு நேரே அருப்புக்கோட்டைக்குப் போய் டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஐம்பத்து மூன்று வயது. கிளட்சை விடத் தெரியாமல் அந்த ஸ்கூல் கார் தவளை மாதிரித் தத்தியது. சொல்லிக்கொடுத்தவன் பொறுமையாகத்தான் ஆரம்பித்தான். போகப்போக, "யக்கா, பிரேக்கு, பிரேக்கு!" என்று முருகனையும் சேர்த்துக் கூப்பிட்டான். எப்படியோ லைசென்சு கைக்கு வந்தது.

சொந்த வண்டியில் உட்கார்ந்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. "இதுக்காடா அத்தனை நாளு நா செத்தேன்?"

ஊருக்குள் அவளைப்போல் பதமாக ஓட்டுகிறவர்கள் கிடையாது. சத்தமில்லாத வண்டியென்று நாய்கள் எழுந்திருக்காது, கோழிகளுக்குத் தெரியாது. முதல் வாரமே ஒரு சேவல் போய், அதற்குப் பதில் தன் வீட்டுச் சேவலைக் கொடுத்துச் சமாதானம் பண்ண வேண்டியிருந்தது. அதிலிருந்து தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்து போவாள். ஆனால் நாலுவழிச் சாலையில் ஏறிவிட்டால் அவள் வேறு ஆள். முன்னால் ஒரு லாரி தடுமாறினால் போதும், காலை ஒரு அழுத்து அழுத்துவாள். ஜெயபாண்டி மேலே இருக்கும் கைப்பிடியை எட்டிப் பிடிப்பார்.

"ஏத்தா, மெதுவாப் போ!"

"கேக்கல" என்பாள்.

அப்படி ஒருநாள் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததில், வேகமாகப் போனதாக அபராதம் வந்துவிட்டது. வண்டி அவர் பெயரில் இருப்பதால் அவர் போனுக்குத்தான் வந்தது, படத்தோடு. ஜெயபாண்டி திட்டுவார் என்று முருகலட்சுமி அடுப்படியிலேயே நின்றாள். அவர் போனை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

"பாருங்கப்பா. போலீஸ்காரனே சர்டிபிகேட் குடுத்துட்டான்" என்று ஒவ்வொருவரிடமும் காட்டினாராம். "முப்பது வருசம் லாரி ஓட்டுன எனக்கு ஒண்ணு வரல."

மூன்றாம் வருசம் டயர் நாலும் ஒரேயடியாகத் தேய்ந்தன. இரட்டை மோட்டார் இழுத்த இழுப்பு. ஊர்ப்பாதைக் குழியில் விழுந்து விழுந்து பின்பக்கம் எங்கேயோ கீச்சுக் கீச்சென்றது. சர்வீஸ்காரர்கள் மூன்று முறை பார்த்தும் அது போகவில்லை. வண்டிக்குள் பேச்சு கேட்கிற ஜெயபாண்டிக்கு அந்தக் கீச்சு மட்டும் கேட்காது. ஆகையால் அவரைப் பொறுத்தவரை வண்டியில் பழுதே இல்லை. சார்ஜ் முன்பு மதுரைக்கு இரண்டு தரம் போய் வரத் தாங்கும். இப்போதும் ஏறத்தாழ அப்படித்தான். கடைசியில் கொஞ்சம் மனசு படபடக்கும், அவ்வளவுதான்.

இந்த வருசம் தையில் குதிரைவாலி நல்ல விளைச்சல். சோணைமுத்து தன் கதிரை ரோட்டில் விரித்துப் போட்டிருந்தார், போகிற வண்டியெல்லாம் ஏறி மணி உதிரட்டும் என்று. ஊரில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் போன வருசம் யாரோ ஒருவருடைய பெட்ரோல் கார் அடியில் வைக்கோல் சுற்றி, சைலன்சர் சூட்டில் புகைந்து, பெரிய ரகளை ஆகிவிட்டது. அதிலிருந்து கார்க்காரர்கள் கதிரைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள்.

சோணைமுத்து முருகலட்சுமியை மறித்தார். "மதினி, ஒங்க வண்டிக்குத்தான் சைலன்சரே இல்லையே. நாலு நட போயிட்டு வாங்களேன். கனத்த வண்டி, நல்லா உதுரும்."

"சுத்திக்கிட்டா?"

"நா பின்னாலயே வாரேன். சுத்துனா எடுத்து விட்டுர்றேன்."

பறக்கிற வண்டியை முருகலட்சுமி ஆமை மாதிரி ஊரவிட்டாள். போவதும் வருவதுமாக அரைப்பொழுது ஓடியது. ஜெயபாண்டி ரோட்டோரம் நின்று, வலது, இடது என்று கை காட்டினார். மணி உதிர்ந்து தார்ச்சாலை பொன்னாகிக் கிடந்தது. மறுநாளே எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து இரண்டு பேர் வந்து, "எங்க கதிருக்கும் வாங்க தாயி" என்று கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து மருதுபாண்டி லீவில் வந்து இறங்கினான். காரின் அடியெல்லாம் வைக்கோல், கண்ணாடியெல்லாம் தூசி.

"அம்மா, இது என்ன வண்டின்னு தெரியுமா? ரேஸ் வண்டிம்மா! இதக் கொண்டுபோயி கதிரடிக்கிறீக!"

"தெரியும்டா. ஏறு, நாலுவழிச் சாலைக்குப் போவோம், காட்டுறேன்."

"வேணாம்" என்று அவன் அவசரமாகச் சொன்னான். "ஓசூர்ல ஒருத்தன் நல்ல வெலைக்குக் கேக்குறான். அப்பாட்டச் சொல்லுங்க."

அதை அவள் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. தெரு முழுக்கக் கேட்டது. ஜெயபாண்டி மகனை ஏற இறங்கப் பார்த்தார். "அவனுக்கு வேணும்னா கடையில புதுசா ஒண்ணு வாங்கிக்கிறச் சொல்லு" என்றார்.

பேச்சு அங்கேயே முடிந்தது. மருதுபாண்டி சட்டையைக் கழற்றிவிட்டு, விளக்குமாற்றை எடுத்து வந்து வண்டிக்கு அடியில் இருந்த வைக்கோலை இழுத்துப் போட ஆரம்பித்தான். ஜெயபாண்டி முன்கதவைத் திறந்து இடது சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "லச்சுமி, இங்க வா!" என்று கூப்பிட்டார்.

முருகலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு போய் ஏறினாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு வெளியே மகன் நிமிர்ந்து, விற்கிறதைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்ன?" என்றாள்.

"இவன் எத்தனை நாளு இருப்பான்?" என்றார் ஜெயபாண்டி, மெல்லிய குரலில். "கோழி இன்னிக்கே அடிக்கணுமா, நாளைக்குப் பாத்துக்கலாமா?"