நடுவில் குவிந்த டீத்தூள்

ஜெபசீலன் வாத்தியார் வாழ்நாளில் வாங்கிய ஒரே பாராட்டுச் சான்றிதழ் பீரோவுக்கு அடியில் கிடந்தது. சுவரில் மாட்டலாமே என்று மனைவி சரோஜினி வாயெடுத்தால் எரிந்து விழுவார். வெட்கம், வேறென்ன!

அஸ்தினாபுரத்து வீட்டிலிருந்து சைக்கிளில் போய், குரோம்பேட்டைப் பள்ளி ஒன்றில் முப்பது வருஷம் பௌதிகம் நடத்தியவர். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தத் திமிர் கொஞ்சநஞ்சமா!

1976-இல் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட விஷயம், நட்சத்திரம் வளர்வது எப்படி என்பது. பிறந்த நட்சத்திரத்தைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டுப்போலச் சுழலும்; உரசலில் வேகம் இழந்தது உள்ளே விழும்; அதைத் தின்றுதான் நட்சத்திரம் பருக்கும். இதைக் காட்டக் கிராமபோன் தட்டில் கோலமாவைத் தூவிச் சுழலவிட்டார். நடுவுக்கு வருவேனா என்றது மாவு. வெளியே பறந்து அவர் மூக்குக்கண்ணாடியில் அப்பிக்கொண்டது.

லேப் அட்டெண்டர் துளசிங்கம் டீயும் கையுமாக நின்றிருந்தார். "சார், டீயைக் கரண்டியால சுத்தி வுட்டுப் பாருங்க. அடியில உரசி வேகம் கொறையும், தூளு நடுவுல வந்து குந்திக்கும்."

"பௌதிகம் உனக்கு யாருப்பா சொல்லிக்கொடுத்தது? போய் பீக்கரைக் கழுவு!"

விரட்டிவிட்டு, சாயங்காலம் வீட்டில் திருட்டுத்தனமாக டீயைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். குந்திக்கொண்டது!

கண்காட்சியன்று மாவட்டக் கல்வி அதிகாரி, டி.இ.ஓ., குனிந்து பார்த்தார். பீக்கரில் தண்ணீர் சுழன்று அடங்க, டீத்தூள் நடுவில் குவிந்தது. "பிரமாதம்! யாரோட ஐடியா?"

"என்னோடதுதான் சார்." வாய் கூசாமல் வந்துவிட்டது.

துளசிங்கத்தின் மகள் தனக்கோடி அங்கேயே எட்டாவது படித்தாள். அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் பளிச்சென்று கேட்டாள்: "எங்கப்பா சொன்னதுதானே சார் இது? நேத்து வூட்ல சொன்னாரே!"

ஜெபசீலனுக்கு முகம் செத்துவிட்டது. 'ஆமாம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தப் பாழாய்ப்போன நாக்கு எழவில்லை. அவர் திணறுவதைத் துளசிங்கம் பார்த்தார்.

"சும்மா இரு புள்ள. சார் சொன்னதைக் கேட்டுக்கினு வந்து, உன்னாண்ட நான் பீத்திக்கினேன்," என்று சிரித்தார்.

சுற்றி நின்ற வாத்தியார்களும் சிரித்தார்கள். தனக்கோடி சிரிக்கவில்லை. ஜெபசீலனை அவள் திரும்பியும் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தாள். மெல்லத் தன் கையை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

டி.இ.ஓ. பாராட்டிச் சான்றிதழோடு கை நீட்டினார். வெட்கங்கெட்ட மனுஷன், ஜெபசீலனும் நீட்டினார்.