உள்கணுக்கால் நார்

சுரங்கத்தை மூடிய பிறகும் தங்கவயல் குவார்ட்டர்ஸை விட்டு அப்பா நகரவில்லை. அம்மா உயிர்விட்ட வீடாம், பூட்டிவிட்டு வர மாட்டாராம். அவரைத் தனியே விட எனக்கு மனசில்லை. அதனால் வேலைக்காகத் தினமும் பெங்களூருக்கு ரயிலில் நான்தான் நாயாய் அலைந்தேன். விடிவதற்குள் கிளம்பினால் இருட்டித்தான் வீடு.

கண்டோன்மென்ட்டுக்கு முன்னால் சிக்னலில் வண்டி நின்றால் எங்கள் தினசரிக் கூட்டம் ஸ்டேஷன் வரை காத்திருக்காது. ஜல்லியில் குதித்து, சந்தில் நுழைந்து பஸ் பிடித்துவிடுவோம். அப்படிக் குதித்த ஒரு காலையில் பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பி, உள்கணுக்கால் சுரீரென்றது.

"சுளுக்குதாம்மா" என்று அப்பா முட்டை வெள்ளைக்கரு தடவித் துணி சுற்றினார். அந்தக் கட்டோடேயே ரயிலேறிக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்வது? லீவு போட்டால் வேலை போய்விடும். வீக்கம் வடியவே இல்லை.

கடைசியில் காக்ஸ் டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் காலை எடுத்தார்.

"உள்பக்கம் குமிழ் மாதிரி துருத்திட்டிருக்கே, அது கெண்டைக்கால் பெரிய எலும்போட நுனி. அதுலேர்ந்து ஒரு நார் விசிறியா விரிஞ்சு கீழே மூணு எலும்பப் பிடிச்சிருக்கு. முன்னால படகு எலும்பு, நடுவுல குதிகால் எலும்போட சின்ன விளிம்பு, பின்னால கணுக்கால் மூட்டு எலும்பு."

"அந்த நார் அறுந்துபோச்சா டாக்டர்?"

"அது லேசுல அறாதும்மா. அவ்வளவு கெட்டி. அது இழுத்த இழுப்புல எலும்பு நுனிதான் பேந்து வந்துடுச்சு."

கெட்டியாம் கெட்டி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எரிந்து விழுந்தேன்.

"தினம் அலையக் கூடாதாம். பெங்களூர்லயே, ஸ்ரீராம்புரத்துல ரூம் பாக்கறேன். நீ வர்றியா, இல்லியாப்பா?"

அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பு பெயர்ந்த கதையை மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு மெதுவாக, "நீ போய் அங்கயே இரும்மா. எனக்காக நீ எலும்ப ஒடிச்சுக்காத. நான் இருந்துக்குவேன்" என்றார். அழுகை வந்துவிட்டது எனக்கு.

அவர் விட்டுவிட்டார். என்னால்தான் விட முடியவில்லை. ரூம் பார்க்கவே இல்லை. கெஞ்சி வாங்கிய சம்பளமில்லா லீவு முடிந்து, மாவுக்கட்டைப் பிரித்த மறுநாளே ரயிலேறினேன். சிக்னலில் வண்டி நின்றதும் எல்லோரும் குதித்துப் போனார்கள். காலியான பெட்டியில் உட்கார்ந்து உள்கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.